ஆட வைக்கும் பாட்டில் ஏன் இவ்வளவு துயரம்?

1996 கோடையில் பிரிட்டனில் ஒரு பாட்டு ஒலித்தால் போதும், கூட்டம் மொத்தமும் பீர் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'லாகர், லாகர்' என்று கத்தும். லாகர் என்பது பீரில் ஒரு வகை. பாட்டின் பெயர் 'பார்ன் ஸ்லிப்பி நக்ஸ்', அண்டர்வேர்ல்ட் என்ற குழுவினுடையது. 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' படத்தில் வந்த பிறகு ஊரெல்லாம் பரவி, அந்த ஆண்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. குடித்துக் கொண்டாடுகிறவர்களின் பாட்டு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதை எழுதிப் பாடிய கார்ல் ஹைட் அப்போது குடிப்பழக்கத்தில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தவர். லண்டனின் சோஹோ பகுதியில் குடித்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும் ஒருவனின் தலைக்குள் என்னென்ன ஓடும், அதைத் துண்டு துண்டான சொற்களாக அப்படியே கொட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அது கொண்டாட்டம் இல்லை, உதவி கேட்டுப் போட்ட கூச்சல் என்று பின்னாட்களில் அவரே சொன்னார். கூட்டம் டப்பாவைத் தூக்கியபோது அவர் கலங்கிப்போனார்.

எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் பக்கம் அதிகம் போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த இசை என்றதும் விளக்கு, புகை, வயிற்றை அதிர வைக்கும் 'டும் டும்', கையைத் தூக்கிக் குதிக்கும் கூட்டம், இதெல்லாம்தான் கண் முன்னால் வரும். அது பொய்யில்லை. ஆனால் அந்த டும் டும்முக்கு மேலே என்ன பாடுகிறார்கள் என்று ஒரு முறை காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். விட்டுப்போனவர் வசித்த தெருவில் போய் நிற்கிறார்கள், செத்துப்போன நண்பர்களை நினைக்கிறார்கள், வயசாகிக்கொண்டு போகிறதே என்று பயப்படுகிறார்கள், நான் ஏன் இப்படி இருக்கிறேன், இதெல்லாம் எதற்காக என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறார்கள். எங்கோ ஒன்றிரண்டு பாட்டில் அல்ல, இந்த இசையின் மிக நல்ல பாடல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்று நான் சொல்வேன். ஆட வைப்பதற்காகவே செய்த இசையில் இத்தனை துயரம் எப்படி வந்தது, அது ஆட்டத்தைக் கெடுக்காமல் எப்படி ஆட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

சரி, முதலில் இந்த இசை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அடியில் இருப்பது கிக் டிரம், அந்த 'டும் டும்' அதுதான். ஹவுஸ் வகை இசையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 தட்டு, அதாவது நொடிக்கு இரண்டு தட்டு, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒன்று, விடாமல். அதன் மேலே பேஸ் என்ற கனத்த கீழ்ச்சுரங்கள், அதன் மேலே சின்தசைசர் (சுருக்கமாக சின்த்) என்ற மின்னணுக் கருவியில் நீட்டிப் பிடிக்கும் சுரங்கள். இந்த மேல்தளத்தில்தான் துயரம் குடியிருக்கும். மேற்கத்திய இசையில் மேஜர் என்று சொல்லும் சுர வரிசை நம் சங்கராபரணம். இயல்பான மைனர் என்பது நம் நடபைரவி, அதாவது அதே வரிசையில் காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றும் ஒரு படி கீழே இறங்கியிருக்கும். டெக்னோ, டிரான்ஸ் போன்ற வகைகளில் மைனர்தான் அதிகம் புழங்குகிறது. ஆக, கால் கேட்பது ஒன்று, காது கேட்பது இன்னொன்று. கீழே ஓட்டம், மேலே ஏக்கம்.

ஆனால் மைனரில் போட்டால் துயரம் வந்துவிடும் என்று முடித்துவிட முடியாது. அதைவிட முக்கியமானது திரும்பத் திரும்ப வருவது, லூப். சாதாரணப் பாட்டு எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் ஷட்ஜத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும், நமக்கும் வீடு வந்து சேர்ந்த நிம்மதி கிடைக்கும். இந்த இசையில் நாலு சுரக்கூட்டு வரும், முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் வரும், முடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அப்படியே ஆறு நிமிடம், எட்டு நிமிடம். தூக்கம் வராத ராத்திரியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப மண்டைக்குள் சுற்றுமே, அந்த மாதிரி. இந்த இசையின் வடிவமே தன்னைத் தானே கேட்டுக்கொள்கிற மனசின் வடிவமாக இருக்கிறது, பாடுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

அப்புறம் பிரேக்டவுன். பாட்டின் நடுவில் கிக் டிரம் திடீரென்று நின்றுவிடும். சின்த் மட்டும் மிதக்கும், குரல் மட்டும் தனியாக நிற்கும். அதுவரை உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்த தரை போய்விட்டது போல இருக்கும், ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து டிரம் திரும்ப வரும், அதற்கு டிராப் என்று பெயர். டிராப்தான் எல்லோருக்கும் தெரிந்தது, ஆரவாரம் முழுக்க அங்கேதான். எனக்கு பிரேக்டவுன்தான் இந்த இசையின் உயிர் நிற்கும் இடம். சாமுவேல் பார்பர் 1936-இல் எழுதிய 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்', அமெரிக்காவில் துக்க நாட்களில் வாசிக்கப்படும் இசை, அதையே நெதர்லாந்தின் டிஜே டியேஸ்டோ டிரான்ஸ் பாட்டாக மாற்றி 2004-இல் வெளியிட்டார். துக்க இசையை எடுத்து ஆட விட்டுவிட்டார் என்று கோபப்பட்டவர்களும் இருந்திருக்கலாம். கேட்டுப் பார்த்தால் அது மூலத்துக்குச் செய்த துரோகமாக எனக்குத் தெரியவில்லை. மூல இசையிலேயே சுரங்கள் ஏறி ஏறி உச்சிக்குப் போய் சட்டென்று ஒரு மௌனத்தில் நிற்கும். பிரேக்டவுன் செய்வதும் ஏறக்குறைய அதேதான்.

இந்தத் தாளம் ஒரு சோகப் பாட்டை என்ன செய்கிறது என்று நேரடியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. எவ்ரிதிங் பட் த கேர்ள் என்ற ஆங்கிலேய இருவர் குழு 1994-இல் 'மிஸ்ஸிங்' என்று ஒரு பாட்டு வெளியிட்டது. ட்ரேசி தார்ன் பாடியது. ஒருத்தி ரயிலை விட்டு இறங்கி, தனக்கு வேண்டிய ஒருவர் முன்பு வசித்த தெருவில் நடந்து போகிறாள். அவர் அங்கே இல்லை, எங்கே போனார் என்றும் தெரியவில்லை. மெதுவான பாட்டு, யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் நியூயார்க்கைச் சேர்ந்த டாட் டெர்ரி அதே குரலை எடுத்து அடியில் ஹவுஸ் தாளத்தைப் போட்டார். அந்த ரீமிக்ஸ் உலகமெல்லாம் ஓடி, அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. குரல் அதே குரல், சொல் அதே சொல்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் வடிவத்தில் அவள் அந்தத் தெருவில் நின்று நினைத்துப் பார்க்கிறாள், ஒரு நாள் நடந்த விஷயம் போல இருக்கிறது. ரீமிக்ஸில் அவளால் நிற்க முடியவில்லை. தாளம் அவளை நடத்திக்கொண்டே போகிறது, அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறாள், திரும்பி வருகிறாள், மறுபடி போகிறாள், வருஷக்கணக்காக இதையேதான் செய்துகொண்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. நான் இதை முதலில் கவனித்தது ஒரு ராத்திரிப் பேருந்தில், ஜன்னலோரம், காதில் ஹெட்போன். மெதுவான வடிவம் கேட்டபோது பாவம் என்று பட்டது. ரீமிக்ஸ் கேட்டபோது என் சொந்தக் கதை ஒன்று கிளம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. தாளம் துக்கத்தை மறைக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது துக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அடியில் ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை வந்தால், மனசு தன்னிடம் கேட்கப் பயந்த கேள்வியையும் கேட்டுவிடும். சாவு வீட்டில் பறைக்கு ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அப்படி ஒன்றும் விளங்காத சங்கதி இல்லை.

இனி, இது எங்கிருந்து வந்தது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977-இல் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப் திறந்தது. அங்கே டிஜேயாக வந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஃப்ராங்கி நக்கிள்ஸ். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், அதிலும் பெரும்பகுதி தன்பால் ஈர்ப்பாளர்கள். வீட்டில் இடமில்லை, தேவாலயத்தில் இடமில்லை, வெள்ளையர்களின் கிளப்பிலும் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி கிடைத்த இடம் அது. அந்த இடத்தைத் தேவாலயத்தோடுதான் நக்கிள்ஸ் ஒப்பிட்டார். ஹவுஸ் என்ற பெயரே வேர்ஹவுஸிலிருந்து வந்தது என்பார்கள்.

வெளியே நிலைமை வேறு. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒரு வானொலி அறிவிப்பாளர், வேர்ஹவுஸ் கூட்டம் ஆடிய இசையான டிஸ்கோவின் தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அதகளம் செய்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்றைக்கு அங்கே இருக்கை காட்டும் வேலை பார்த்த இளைஞர் வின்ஸ் லாரன்ஸ். கூட்டம் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததைப் பார்த்ததாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார். அதே லாரன்ஸ் பங்களிப்பில் 1984-இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட தட்டைத்தான் முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலர் சொல்கிறார்கள். தங்கள் இசையை வெடி வைத்துத் தகர்த்த ஊரில் இருந்துகொண்டே இதைச் செய்திருக்கிறார்கள். அந்த இசைக்குள் துயரம் எப்படி வந்தது என்று கேட்பதைவிட, வராமல் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பதே பொருத்தம்.

அந்த ஊர்க்காரர்தான் லாரி ஹர்ட். டிரம் வாசித்துக்கொண்டிருந்தவர், ஒரு சின்தசைசரும் ஒரு டிரம் மெஷினும் வாங்கி வீட்டிலேயே உட்கார்ந்து மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் இசை செய்தார். 1986-இல் வந்த 'கேன் யூ ஃபீல் இட்' தலைப்பே ஒரு கேள்வி, உனக்குப் புரிகிறதா, உன்னால் உணர முடிகிறதா என்று. முதல் வடிவத்தில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. ஆழமான ஒரு பேஸ், மேலே பனிமூட்டம் மாதிரி சின்த், அவ்வளவுதான். ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சில் ஏதோ கனத்துவிடும். சொல்லே இல்லாமல் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பக்கத்து டெட்ராய்ட்டில், கார் தொழிற்சாலைகள் மூடி ஊரே காலியாகிக்கொண்டிருந்த நாட்களில், டெரிக் மே 1987-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' இன்னொன்று. ஆட வைக்கும் பாட்டுக்கு எலும்பு என்று சொல்லப்படும் பேஸே அதில் இல்லை, டிரம்முக்கு மேல் பியானோவும் வயலின் போன்ற சத்தங்களும் பதைபதைத்துக்கொண்டு ஓடும்.

இந்த விஷயத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே'யைக் கேளுங்கள். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜாய் டிவிஷன் என்ற ராக் குழு இருந்தது. பாடகர் இயன் கர்டிஸ் வலிப்பு நோயாலும் மனச்சோர்வாலும் அவதிப்பட்டவர். 1980 மே 18 அன்று, குழு தன் முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பும் தறுவாயில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. மிச்சமிருந்த மூவர் பழைய பெயரை விட்டுவிட்டு நியூ ஆர்டர் என்று தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் ஜில்லியன் கில்பர்ட்டும் சேர்ந்தார். யாருக்கும் பாட வராது. கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் வேறு வழியில்லாமல் பாடினார். போனவரைப் போலப் பாட அவருக்கு ஆசையும் இல்லை, குரலும் இல்லை.

1983 மார்ச்சில் 'ப்ளூ மண்டே' வந்தது. ஏழரை நிமிடம் ஓடும், 12 அங்குலத் தட்டில் மட்டும் வந்தது. பிரிட்டனில் இன்றுவரை அதிகம் விற்ற 12 அங்குலத் தட்டு அதுதான். தொடங்கும்போது டிரம் மெஷினின் கிக், முதலில் நிதானமாக, பிறகு திக்கித் திக்கித் துப்பாக்கி மாதிரி ஓடும். இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் பாட மாட்டார்கள். ஏதோ கோயிலில் பாடுவது போல ஒரு கூட்டுக்குரல் வந்து போகும், அதுவும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் தட்டிலிருந்து எடுத்த துண்டு. சின்த் மெட்டு தாளத்தோடு அச்சாகப் பொருந்தாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும். ஒவ்வொரு சுரமாகக் காகிதத்தில் எழுதி வைத்து மெஷினில் ஏற்றியபோது ஒரு சுரம் விட்டுப்போய்விட்டது என்று கில்பர்ட் சொல்லியிருக்கிறார். அந்தப் பிழையைச் சரி செய்யாமல் விட்டதற்கு நான் நன்றி சொல்வேன். எல்லாமே மெஷின் ஓட்டுகிற அந்தப் பாட்டில் அது ஒன்றுதான் மூச்சு வாங்குவது போல இருக்கும்.

அப்புறம்தான் சம்னரின் குரல். என்னை நீ நடத்திய விதத்தில் நடத்த உனக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்வியோடு தொடங்கும், ஆனால் கோபம் இருக்காது, அழுகை இருக்காது, உணர்ச்சியே வற்றிப்போனவர் பேசுகிறது போலத் தட்டையாக இருக்கும். யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். போய்விட்ட நண்பரையா, காதலியையா, தன்னையேவா. மூன்று வருஷம் முன்னால் நடந்த சாவை வைத்து எழுதியது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிக் குறுக்கிவிட்டால் பாட்டு சின்னதாகிவிடும். ஆனால் அந்தக் குரலின் வறட்சியைக் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். நெருங்கியவர் ஒருவர் சட்டென்று போய்விட்டால் இருக்கிறவர்களுக்கு முதலில் அழுகை வராது, மரத்துப்போகும், கைகால் தானாக வேலை செய்யும். அந்த நிலையை மெஷினை வைத்துச் சொல்வதுபோலப் பொருத்தமாக வேறு எதை வைத்தும் சொல்ல முடியாது. இந்தக் குழுவின் வருமானமும் சேர்ந்துதான் மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப் நடந்தது. 1982-இல் திறந்து 1997-இல் மூடிய அந்தக் கிளப் வழியாகத்தான் சிகாகோவின் ஹவுஸ் இங்கிலாந்தின் வடக்கே வேர் விட்டது.

இதற்கிடையில் இன்னொரு துக்கம் வந்து சேர்ந்தது. 1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் முதலில் பதிவானது, அடுத்த பத்து வருடத்தில் இந்தக் கிளப்களில் ஆடியவர்களின் ஒரு தலைமுறையையே அது வாரிக்கொண்டு போனது. பெட் ஷாப் பாய்ஸ் குழு 1990-இல் வெளியிட்ட 'பீயிங் போரிங்' அதைப் பற்றியது. பாடிய நீல் டெனன்ட், இளமையில் நியூகாஸிலில் தன்னோடு சுற்றி எய்ட்ஸால் இறந்துபோன நண்பரை நினைத்து எழுதியது. மூன்று சரணம், மூன்று காலம். மூன்றாவதில், அன்றைக்கு ஒன்றாக இருந்தவர்களில் சிலர் இருக்கிறார்கள், சிலர் இல்லை என்று எண்ணிப் பார்க்கிறார். நோயின் பெயர் எங்கும் இல்லை, சாவு என்ற சொல்லும் இல்லை. நான் ஆக நினைத்தவனாக ஆகிவிட்டேன், அதைப் பார்க்க நீ இல்லையே என்ற ஒரு ஏக்கம் மட்டும். இதே டெனன்ட் 1987-இல் பாடிய 'இட்ஸ் எ சின்' இன்னும் கூர்மையானது. கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர், செய்ததும் செய்வதும் செய்யப்போவதும் எல்லாமே பாவமா என்று கேட்கிறார், கடைசியில் பாவமன்னிப்பு ஜெபத்தை லத்தீனில் முணுமுணுக்கிறார். அது பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. ஒரு பாவசங்கீர்த்தனத்துக்கு நாடே ஆடியிருக்கிறது!

ஸ்வீடனின் டிஜே அவிச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு இந்த இசை அவர் வழியாகத்தான் அறிமுகம். 2013-இல் வந்த 'வேக் மீ அப்' உலகம் முழுக்க ஓடியது, தன்னையே தொலைத்துவிட்டது தெரியாமல் தேடிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் பாட்டு. 2016-இல் அவர் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்தினார், 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கட்டில் இறந்தார், வயது 28. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவருடைய மரண சாசனம் போலப் பரப்புகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வரிகளை எழுதிப் பாடியவர் அலோ பிளாக், அவர் தன் வாழ்க்கையை நினைத்து எழுதியது. துயரப் பாட்டு செய்கிறவர்களை எல்லாம் அவர்கள் பாட்டை வைத்தே நோய் கண்டுபிடிக்கிற பழக்கம் பாட்டுக்கும் நல்லதில்லை, மனிதருக்கும் நல்லதில்லை.

ஆட்டம் முடிந்த பிறகு என்ன? விளக்கு போட்டுவிட்டார்கள், காது இரைகிறது, விடிகாலை மழையில் பேருந்துக்கு நிற்கிறீர்கள். அந்த நேரத்துக்கென்றே லண்டனின் பரியல் என்பவர் 2007-இல் 'அன்ட்ரூ' என்ற ஆல்பம் வெளியிட்டார். ரொம்ப நாள் அவர் யார் என்றே யாருக்கும் தெரியாது, 2008-இல்தான் தன் பெயரை வெளியே சொன்னார். லண்டன் கிளப்களின் கராஜ் இசையின் தாளத்தை எடுத்து நொறுக்கி வைத்திருப்பார், மேலே பழைய இசைத்தட்டின் கரகரப்பு, மழைச் சத்தம், பிற பாடல்களிலிருந்து எடுத்து ஏற்றி இறக்கிய குரல்கள், ஆணா பெண்ணா என்று பிடிபடாது. ஒழுங்காகத் தாளம் கோக்கும் மென்பொருள் எதுவும் இல்லாமல், ஒலி வெட்டி ஒட்டும் ஒரு சாதாரண மென்பொருளில், அலை வடிவத்தைக் கண்ணால் பார்த்தே தாளத்தை அடுக்கினாராம். அதனால்தான் அது கொஞ்சம் தள்ளாடும், களைத்த மனிதன் நடப்பது போல. ஆட முடியுமா என்று கேட்டால் கஷ்டம்தான். ஆனால் ஆடியதன் நினைவு அதில் இருக்கிறது.

இன்னொரு வகைக் கேள்வி வயதைப் பற்றியது. நியூயார்க்கின் எல்சிடி சவுண்ட்சிஸ்டம் குழுவை நடத்தும் ஜேம்ஸ் மர்ஃபி முப்பதைத் தாண்டிய பிறகுதான் அந்தக் குழுவின் முதல் தட்டையே வெளியிட்டார். 2002-இல் வந்த அந்த 'லூசிங் மை எட்ஜ்', தன்னைவிடச் சின்னப் பையன்கள் அதே அரிய தட்டுகளைப் போடுவதைக் கேட்டு வந்த பயத்தில் பிறந்தது. 2007-இல் வந்த 'ஆல் மை ஃப்ரெண்ட்ஸ்' அதைவிடப் பெரியது. பியானோவில் ஒரே தாளக்கட்டு, கையால் வாசித்தது, ஏழு நிமிடத்துக்கு மேல் அதே தட்டல், இங்கங்கே பிசகிக்கொண்டு ஓடும். அது மேஜரில் இருக்கும் பாட்டு, மைனர் இல்லாமலும் நெஞ்சு கனக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. பல்லவி கிடையாது. ஊர் ஊராகச் சுற்றி, தூங்காமல், வருஷங்களைச் செலவழித்துவிட்டு ஒரு மனிதர் யோசிக்கிறார், கடைசியில் கேட்பது ஒன்றே ஒன்று, உன் நண்பர்கள் இன்றைக்கு ராத்திரி எங்கே இருக்கிறார்கள் என்று. முப்பத்தைந்து வயதுக்கு முன் இதைக் கேட்டபோது நல்ல பாட்டு என்று நினைத்தேன். இப்போது கேட்டால் கைபேசியை எடுத்து யாருக்காவது அழைக்கத் தோன்றுகிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். கைபேசி ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் போய்விடும், பேஸ் போனால் பாதிப் பாட்டு போய்விட்டது. ஹெட்போன் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே கேளுங்கள், காலும் தாளமும் ஒரே வேகத்தில் வந்து சேரும் ஒரு கட்டம் வரும். 'மிஸ்ஸிங்'கின் இரண்டு வடிவமும் முதலில், பிறகு 'ப்ளூ மண்டே', மனசு தயாராக இருந்தால் 'பீயிங் போரிங்', 'அன்ட்ரூ' கடைசியில், ராத்திரியில். நீளமாக இருக்கிறதே என்று இடையில் தாண்டிப் போகாதீர்கள், அந்த நீளத்துக்குள்தான் விஷயமே நடக்கிறது.

ஸ்வீடனின் ராபின் 2010-இல் பாடிய 'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். கிளப்பின் மூலையில் ஒருத்தி நிற்கிறாள், தான் நேசித்தவன் வேறொருத்தியை முத்தமிடுவதைப் பார்த்துக்கொண்டு. போய்விடவும் முடியவில்லை, கிட்டப் போகவும் முடியவில்லை, அதனால் தனியாக ஆடுகிறாள். முதல் நொடியிலிருந்தே இரைந்துகொண்டு ஓடும் ஒரு சின்த் பேஸ், அவளுக்காக ஒரு இடத்திலும் இளகுவதில்லை. 2019 மார்ச்சில் ராபின் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பாடினார். நிகழ்ச்சி முடிந்து வந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பென் ஸ்டேஷன் சுரங்க ரயில் நடைமேடையில் நெருக்கியடித்து நின்றார்கள், யாரோ அந்தப் பாட்டைத் தொடங்கியிருக்கிறார்கள். சின்த் இல்லை, கிக் டிரம் இல்லை. தனியாக ஆடுகிறேன் என்று நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலில் பாடினார்கள்.